ரெண்டு கையிலும் குடம்

எங்கள் தெருக் காவல்படை முதன்முதலில் பிடித்த ஆள், போலியோ சொட்டு மருந்து ஊற்ற வந்தவர்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. திருவொற்றியூரில் ரயில் லைனுக்கும் கடலுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது எங்கள் தெரு. எங்கிருந்தோ ஒரு பேச்சு கிளம்பி வந்தது. புள்ள புடிக்கிறவன் சுத்துகினு கீறானாம். எண்ணூரில் ஒரு குழந்தையைத் தூக்கினானாம், பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒருத்தனை ஓட ஓட அடித்தார்களாம். யாருடைய குழந்தை என்று கேட்டால், "அது தெரியாது, ஆனா நெசம்" என்பார்கள். தெருப் பையன்கள் கேரம் போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காவலுக்குக் கிளம்பினார்கள். வாடகை சைக்கிள் கடைக்காரர், தெருவின் பெரிய மனிதர், ஆளுக்கொரு விசில் வாங்கிக் கொடுத்தார். தலைவர், என் அண்ணன்.

அண்ணனுக்குக் கண்டெய்னர் யார்டில் லாரிகளுக்குப் பின்பக்கம் பார்த்துச் சொல்கிற வேலை. "வா வா வா வா... ஹோல்டேய்!" என்று அவன் கத்தினால் லாரி மட்டுமில்லை, பக்கத்தில் போகிற சைக்கிள்காரனும் பிரேக் பிடிப்பான். அந்தக் குரலுக்குத்தான் தலைவர் பதவி.

நான் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான் ஒருத்தன்தான். பயிற்சியில் மனோதத்துவம் என்று ஒரு பாடம் இருந்தது. அதைப் படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒருத்தரையும் சும்மா விடவில்லை. அம்மா குழம்பில் உப்பு போட மறந்தால், "ஆழ்மனசுல ஏதோ கோபம் இருக்கும்மா" என்பேன். "ஆழத்துல இல்லடா, மேலயே கீது" என்று அம்மா கரண்டியை எடுப்பாள்.

அந்தச் சொட்டு மருந்துக்காரர் தோளில் ஐஸ் பெட்டியோடு வந்தார். ஒரு குழந்தையின் வாயைத் திறந்து இரண்டு சொட்டு விட்டார். அது சரி. அடுத்து சுண்டு விரலைப் பிடித்து மை வைத்தார். அங்கேதான் வந்தது வினை.

"டேய், அடையாளம் போட்றான்டா! அப்பால வந்து மை வெச்ச புள்ளையாப் பாத்துத் தூக்குவான்!"

விசில் பறந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு போய் பையன்கள் கேரம் ஆடுகிற மன்றத்தில் உட்காரவைத்தார்கள். அவர் அட்டையைக் காட்டினார். அட்டையைப் படிக்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் படித்துவிட்டு, "அரசாங்க ஆளுதான்" என்றேன். என் வார்த்தையை யாரும் நம்பவில்லை. கடைசியில் அண்ணன் ஒரு தீர்ப்பு சொன்னான்: "மருந்துதானே? நீயே ஒரு வாய் குடி பாப்போம்." அவர் பாவம், எங்கள் முன்னால் ஆ என்று வாயைத் திறந்து தனக்குத்தானே சொட்டு விட்டுக்கொண்டார். அண்ணன் அவர் சுண்டு விரலிலும் மை வைத்து அனுப்பினான்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே செய்த அண்ணன்தான், அடுத்த வாரம் மாறிப்போனான்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் மைக் கட்டி அனுப்பியிருந்தார்கள். பேசினவர் வழக்கமாக ஆடித் தள்ளுபடிப் புடவைக்குக் கத்துகிறவர். வேறு ராகம் தெரியாது அவருக்கு. அதே குஷியில் கத்திக்கொண்டு வந்தார்: "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு! குழந்தைகளைக் குறிவைக்கும் காமுகர்கள் நடமாட்டம்! பார்ப்பதற்குச் சாதாரணமாக இருப்பார்கள்! குழந்தைகளிடம் அன்பாகப் பேசுவார்கள்! மிட்டாய் கொடுப்பார்கள்! உங்களில் ஒருவராகவே இருக்கலாம்! மறந்துவிடாதீர்கள், மறந்துவிடாதீர்கள்!"

டீக்கடையில் ஒருத்தர், "சாதாரணமா இருப்பான்னா நம்ம தெருவே உள்ள போவணும் மாமு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அவன் சட்டைப் பையில் காபி மிட்டாய் இருந்தது. எப்போதும் இருக்கும். யார்டிலிருந்து வரும்போது தெருக் குழந்தைகள் அவன் பையில் கைவிட்டு எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு அவன் பையை ஒரு கையால் மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனதைப் பார்த்தேன். தின்ன ஆசை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதற்கடுத்து வந்ததுதான் குடம்.

எங்கள் பக்கம் தண்ணீர் லாரியில்தான் வரும். பெண்கள் கலர் கலராகப் பிளாஸ்டிக் குடத்தோடு நிற்பார்கள். ஆம்பிளைகள் தூரத்தில் நின்று லாரிக்கு வழி சொல்வதோடு சரி. அண்ணன் திடீரென்று ரெண்டு கையிலும் ரெண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். எங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை. எதிர் வீட்டுக்கு, கோடி வீட்டுக்கு, சண்டைக்கார வீட்டுக்கு. லாரி போன பிறகும் விடமாட்டான். பள்ளிக்கூடம் விட்டு குழந்தைகள் தெருவுக்குள் வருகிற நேரத்துக்குக் குடம் இல்லாமல் அவனைப் பார்க்கவே முடியாது. தண்ணி இல்லையென்றால் காலிக் குடம். குழந்தைகள் ஓடி வந்து, "மாமா மிட்டாய்!" என்றால், குடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கை காலி இல்ல, கை காலி இல்ல" என்று ஓடுவான்.

பெண்களுக்குத் தாங்காத சந்தோஷம். "பெத்தா இப்டிப் புள்ளைய பெக்கணும்" என்று அம்மாவிடம் வந்து சொன்னார்கள். அம்மாவுக்குச் சந்தேகம். "எந்த வூட்டுப் பொண்ணுக்காகடா இத்தினி தண்ணி தூக்கறான்?" என்று எந்த வீட்டில் அதிகக் குடம் இறங்குகிறது என்று கவனித்துப் பார்த்தாள். அது எழுபது வயது ஆயா வீடாக இருந்ததில் ரொம்பக் குழம்பிப் போனாள். நைனா மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவர் மனசில் வந்த வார்த்தை எனக்குத் தெரியும்: கீழ்ப்பாக்கம். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது ஒரு பேட்டையின் பேர். அங்கே மனநோய் ஆஸ்பத்திரி இருப்பதால் எங்களுக்கு அது வசவு. 'கீழ்ப்பாக்கம் கேஸு' என்று ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் பெண்ணும் எடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அந்தச் சொல்லைத் தொடாமல் இருக்க நாங்கள் வேறு எல்லாக் காரணத்தையும் தேடிக்கொண்டிருந்தோம்.

இந்த நேரத்தில்தான் அக்கா குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. ஒரு வயசுப் பாப்பா. கன்னம் மட்டும் தனியாக எடை போடலாம்.

பெரியபாளையத்து அம்மன் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்துவது என்று முடிவானது. எங்களில் அதற்கு ஒரே சட்டம்தான்: குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைக்க வேண்டும். மொட்டைக்கும் அந்த மடி, காதுக்கும் அந்த மடி. மடி கொடுக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடே இல்லை என்று அர்த்தம். அக்கா பாப்பாவோடு வீட்டுக்கு வந்து, அண்ணன் முன்னால் உட்கார்ந்து, "ஞாயித்துக்கெழம வேன் சொல்லிக்கீது" என்றாள்.

அண்ணன் எழுந்து போய் ரெண்டு காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டான். "எனக்கு அன்னிக்கு ஷிப்ட்டு" என்றான்.

"சொல்லி வெச்சு மாத்திக்கோ."

"நான் வர்ல. சின்னவன் மடில வெச்சுக்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா புருஷன், அவரை நாங்கள் மாமா என்போம், என் தொடையை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். "இன்னா மச்சான், வெறும் எலும்பு. காது குத்தறதுக்கு முன்னால இதுவே புள்ளையக் குத்திடும்" என்றார். அதோடு, மூத்தவன் உயிரோடு இருக்க இளையவன் மடியில் வைத்தால் அவர் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

பிறகு ஆளாளுக்கு ஆராய்ச்சி. மாமாவின் கட்சி: கல்யாண விருந்தில் அண்ணன் இலைக்கு நல்லி எலும்பு வைக்கவில்லை, அந்தக் கோபம். அவர் நேராகக் கசாப்புக் கடைக்குப் போய் நல்லி எலும்பாகவே ஒரு பை வாங்கி வந்து அண்ணன் முன்னால் வைத்தார். "இந்தாபா, பழசை மறந்துடு." அண்ணன் சரியென்று தலையாட்டி, எலும்பைத் தின்றான். மடி மட்டும் இல்லை என்றான். அக்கா அழுதாள். நான் என் பாடப் புத்தகத்தைப் புரட்டி, 'உடன்பிறந்தோர் பொறாமை' என்று கண்டுபிடித்துச் சொன்னேன். "இருபத்தாறு வயசு ஆம்பளைக்கு ஒரு வயசுப் பாப்பா மேல பொறாமையா? உன்ன படிக்க வெச்சதுக்கு ஒரு எருமை வாங்கியிருக்கலாம்" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டீக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். "உங்க அண்ணன் ஸ்டேஷன் படி ஏறிப் போறான்பா. எவனும் இஸ்துகினு போவல. தானா போறான்."

ஓடினேன்.

ஸ்டேஷனில் ஏட்டையா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓர் இளவட்டக் கான்ஸ்டபிள். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ரொம்ப நாளைக்குப் பிறகு கையில் குடம் இல்லை.

"இன்னாபா, எதுனா காணாப் பூடுச்சா?"

"இல்ல சார். என்னை உள்ள வைங்க."

"இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல சார்."

"பண்ணவனுங்களை வைக்கவே எடம் பத்தல. பண்ணாதவனை எங்க வைக்கறது?"

"காதுகுத்து முடியற வரைக்கும் சார். அப்பால வுட்டுடுங்க."

ஏட்டையா என்னைப் பார்த்தார். "யார் காதைக் குத்தினான் இவன்?"

"அவன் குத்தல சார், குழந்தைக்கு..." என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அண்ணன் குறுக்கே பேசினான். இதுவரை எங்களில் யாரிடமும் சொல்லாததை ஒரு போலீஸ்காரரிடம், வேர்க்கடலைத் தோலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மைக்ல சொன்னீங்களே சார். சாதாரணமா இருப்பான், புள்ளைங்களாண்ட ஆசையாப் பேசுவான், மிட்டாய் குடுப்பான்னு. அது நானா இருக்குமோன்னு ஆயிடுச்சு சார். புள்ளைங்களைப் பாத்தாலே, எதுனா பண்ணிடுவனோ, பண்ணிடுவனோன்னு ஒரு நெனப்பு. பண்ணணும்னு இல்ல சார். நெனச்சாலே வாந்தி வருது. ஆனா நெனப்பு நிக்க மாட்டுது. இப்போ பாப்பாவைக் கொண்டாந்து மடில வெக்கப் போறாங்க."

கான்ஸ்டபிள் லத்தியோடு எழுந்துவிட்டார். அவருக்குக் கேட்டதெல்லாம் 'புள்ளைங்க', 'பண்ணிடுவேன்' ரெண்டு வார்த்தைதான்.

"குந்துடா" என்றார் ஏட்டையா, திரும்பாமலே. கடலையை ஒதுக்கிவைத்தார். முகம் மாறியிருந்தது. எந்தக் குழந்தை, எப்போதாவது தொட்டாயா, யாரையாவது தனியாகக் கூட்டிப் போனாயா, ஆசை வந்ததா, எவனாவது உன்னைப் பற்றிப் புகார் சொல்லியிருக்கிறானா என்று ஒவ்வொன்றாக, கத்தி மாதிரிக் கேட்டார். அண்ணன் எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். "தொட முடியாது சார், ரெண்டு கையிலயும் கொடம்" என்றான்.

"கொடமா?"

குடத்தின் கதையை நான் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது. இத்தனை நாளும் அவன் தன் கைகளுக்குத் தானே விலங்கு மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறான். நாங்கள் அதில் தண்ணி பிடித்துக் குடித்திருக்கிறோம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் விசில். காவல்படை மொத்தமும் வந்துவிட்டது. "தலைவரை வுடு! தலைவரை வுடு!"

அண்ணன் சொன்னதில் பாதி வெளியே போனால் போதும். இதே பையன்கள், இதே கையால், இவனை என்ன செய்வார்கள் என்று தெரியும். கான்ஸ்டபிளுக்குக் கேட்ட ரெண்டு வார்த்தைதான் அவர்களுக்கும் கேட்கும்.

ஏட்டையா தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். "இன்னாடா சத்தம்? ஸ்டேஷன் சுவத்துல ஒண்ணுக்கு அடிச்சான் உங்க தலைவரு. வார்னிங் குடுத்து அனுப்பறேன். போங்கடா."

பையன்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரே ஆரவாரம். "ஸ்டேஷன் சுவத்துலயேவா! தலைவா!" என்று ஒருத்தன் விசிலே அடித்தான். அண்ணன் வெளியே வந்தபோது தோளில் தூக்கிக்கொள்ளப் பார்த்தார்கள். அதிலிருந்து சில காலம் அவன் பேர் தெருவில் 'செவுரு'. மூத்திரம் பெய்ததற்குப் பேர் வாங்கினால் எங்கள் தெருவில் டீ வாங்கிக் கொடுப்பார்கள். மனசு சரியில்லை என்று பேர் வாங்கினால் தண்ணிகூடக் கொடுக்கமாட்டார்கள்.

கிளம்பும்போது ஏட்டையா என்னைத் தனியாக நிறுத்தினார். "படிச்சவன்தானே நீ? பெரியாஸ்பத்திரில மனசுக்குப் பாக்கற எடம் ஒண்ணு கீது. நாளைக்குக் காலைலயே போங்க, டாக்டரம்மா ஒருத்தங்க வருவாங்க."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"கைதிங்களை இட்டுகினு போவேன்." கடலையை மறுபடி எடுத்தார். "இத்தினி வருஷத்துல, செஞ்சவன் ஒருத்தன் தானா வந்து நின்னதில்லடா. செய்யாதவன் வந்து நிக்கறான். நான் இன்னாத்தைப் புடிக்கறது?"

மறுநாள் காலை அண்ணன் சித்திரை வெயிலில் மங்கி குல்லா போட்டுக்கொண்டு கிளம்பினான். ஆஸ்பத்திரிக்குப் போனால் மனநலப் பிரிவின் பெஞ்சில் ஒரு ஈ காக்கை இல்லை. பக்கத்தில் பல் பிரிவு. அதன் பெஞ்சில் இடமே இல்லை. எல்லோரும் மஃப்ளர், முந்தானை, கைக்குட்டை என்று முகத்தைச் சுற்றிக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் நம்பர் கூப்பிட்டால் அந்தப் பெஞ்சிலிருந்து ஒருத்தர் எழுந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போவார். நாங்களும் பல் பெஞ்சிலேயே உட்கார்ந்தோம். கொஞ்சம் அசந்த ஒருத்தருக்கு நிஜமாகவே பல்லைப் பிடுங்கி அனுப்பிவிட்டார்கள் என்று பக்கத்து ஆள் எச்சரித்தார்.

அந்தப் பக்கத்து ஆளின் மஃப்ளருக்குள்ளிருந்து வேர்க்கடலை வாசனை வந்தது. நான் குனிந்து பார்த்தேன். ஏட்டையா!

"சார்... நீங்க?"

"டூட்டிடா. கைதி இட்டாந்தேன்."

"கைதி எங்க சார்?"

சுற்றுமுற்றும் பார்த்தார். "ஓடிட்டான்" என்றார்.

நானும் அண்ணனும் பல் பிரிவுக் கதவையே பார்த்தோம். அவருடைய நம்பர் வந்ததும் எழுந்து, எங்களைப் பார்க்காமல், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து போனார்.

டாக்டரம்மா வயசானவர் இல்லை. சத்தம் போடாமல் பேசினார். அண்ணன் சொல்லி முடிக்கிறவரை ஒரு வார்த்தை குறுக்கே விடவில்லை. அதன்பின் ஏட்டையா கேட்ட அதே கேள்விகளையே கேட்டார். அவர் கத்தியாகக் கேட்டதை இவர் ஸ்பூனால் கேட்டார். நான் 'உடன்பிறந்தோர் பொறாமை' பற்றி ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். "நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்களேன்" என்றார். அண்ணன் என் கையை விடவில்லை. அதனால் உள்ளேயே இருந்தேன், வாயை மூடிக்கொண்டு.

"உங்க தெருவுக்கு மைக் ஆட்டோ வந்துச்சுல்ல?" என்றார் அவர். "தெருவ விட்டுப் போயிடுச்சு. உங்க மண்டைக்குள்ள இன்னும் சுத்துது. நீங்க அதை நிறுத்தணும்னு பின்னாடியே ஓடறீங்க. ஓட ஓட அதுவும் சத்தமா கத்துது. இது ஒரு நோய். கேஸ் இல்ல. நெறைய பேருக்கு இருக்கு. ஒருத்தருக்குக் கை கழுவிட்டே இருக்கணும்னு வரும். ஒருத்தருக்குக் கத்தியைப் பாத்தா யாரையாவது குத்திடுவேனோன்னு வரும். உங்களுக்கு எது உசிரோ, அதுல வந்து உக்காந்திருக்கு."

"அப்போ நான் அந்த மாதிரி ஆளு இல்லியா மேடம்?"

"இல்ல." ஒரு தடவைதான் சொன்னார். அண்ணன் மறுபடி கேட்டான். "இதை இன்னொரு தடவை நான் சொல்லமாட்டேன். நான் சொல்லச் சொல்ல நீங்க கேட்டுட்டே இருப்பீங்க. அதுவும் இந்த நோயோட வேலைதான்" என்றார்.

மாத்திரை எழுதிக்கொண்டே தனக்குத்தானே சொல்கிற மாதிரி இன்னொன்றும் சொன்னார். நெசமாகவே குழந்தைகள் மேல் அந்த ஆசை வருகிறவர்களும் உண்டு. எதுவும் செய்யாமல், தனக்குள்ளேயே பயந்துகொண்டு இருப்பவர்கள் அதிலும் உண்டு. செய்துவிட்டால் அது போலீஸ் வேலை, அதில் பேச்சே இல்லை. செய்வதற்கு முன்னால் அவர்கள் இந்தக் கதவைத் தட்டினால் ஒரு குழந்தை தப்பிக்கும். "ஆனா பல் பெஞ்சுல உக்காரக்கூட அவங்களுக்குத் தைரியம் வராது. தெரிஞ்சா அடிச்சே கொன்னுடுவாங்களே."

அண்ணனுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரு குடத்தைக் கீழே வைக்க வேண்டும். நினைப்பு வந்தால் வரட்டும், விரட்டக் கூடாது. கொஞ்ச நாள் கழித்து ரெண்டாவதையும் வைக்க வேண்டும். காதுகுத்தை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொன்னார். வீட்டில் நம்புகிற ஓர் ஆளிடம் உண்மையைச் சொல்லச் சொன்னார்.

அவன் அக்காவைத் தேர்ந்தெடுத்தான். கடற்கரைப் பாறை மேல் உட்காரவைத்துச் சொன்னான். நானும் கூட இருந்தேன். அக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். பிறகு அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். "இதுக்காடா நல்லி எலும்புப் பழிய ஏத்துக்கினே? பேமானி, ஒரு பை எலும்பையும் தின்னு வேற தீத்துட்டே!"

பாப்பாவுக்குச் சளி என்று சொல்லி அன்று ராத்திரியே வேனைத் தள்ளிப்போட்டாள். ஆனால் அவள் அதோடு விடவில்லை. பெற்றவள். அடுத்த வாரம் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே டாக்டரம்மாவிடம் வந்தாள். பல் பெஞ்சில் உட்காரவில்லை, நேராக இந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். "இவன் மடில என் புள்ளைய வெக்கலாமா, வேணாமா? ஒரே வார்த்தை சொல்லுங்க."

"வைக்கலாம்."

"அவ்ளோதான். வாடா."

திரும்பி வரும்போது ரயிலில் அக்கா பாப்பாவைத் தூங்கவைத்தாள். இறங்குகிற நேரத்தில் சொன்னாள்: "ஒண்ணும் பண்ணாத இவன் பயந்து பயந்து சாவறான். அந்தச் சைக்கிள் கடைக்காரன் ஜம்முனு கல்லால குந்தினு விசில் வாங்கிக் குடுக்கறான்."

எனக்குத் தெரியும், எல்லாப் பெண்களுக்கும் தெரியும். வாடகை சைக்கிள் எடுக்கப் போகிற பிள்ளைகளிடம் "தனியாப் போவாத" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்வார்கள். ஏன் என்று சொல்லமாட்டார்கள். கடைக்காரர்தான் திருவிழாக் கமிட்டித் தலைவரும், அவரைப் போய் எப்படிச் சொல்வது? அக்கா மறுநாள் தண்ணீர் லாரி வரிசையில் நின்றபடி ரெண்டு தாய்மார்களிடம் பேசினாள். மூன்று பேருமாக ஏட்டையாவிடம் போனார்கள். அவர் அன்றைக்குக் கடலை தின்னவில்லை என்றாள். சைக்கிள் கடை அந்த மாதமே பூட்டப்பட்டது, அவரும் உள்ளே போனார். காவல்படையில் ஒருத்தனும் அதைப் பற்றிப் பேசவில்லை. விசில்களைக் கடலில் எறிந்துவிட்டு மறுபடியும் கேரம் போர்டை எடுத்தார்கள்.

அண்ணன் ஒரு குடத்தைக் கீழே வைத்தான். தெருவில் கலவரம். "இன்னா செவுரு, ஒரு கொடம்தான் தூக்கறே? எங்க வூட்டு மேல இன்னா கோவம்?" டாக்டர் சொல்லித்தான் என்று எப்படிச் சொல்வது? "தோள்ல வலி" என்றான். எழுபது வயது ஆயா தைலம் கொண்டுவந்து தேய்த்துவிட்டாள். காலியான அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல், ஈரத்துணியை வெயிலில் காயவைக்கிறவன் மாதிரி உடம்பிலிருந்து தள்ளி நீட்டிக்கொண்டே நடந்தான். நினைப்பு வரும். நெற்றி வேர்க்கும். நிற்பான். "வா வா வா வா" என்று லாரிக்குச் சொல்கிற மாதிரி முணுமுணுப்பான். ஹோல்டேய் மட்டும் சொல்லமாட்டான். ஆட்டோ தெருவைத் தாண்டிப் போகட்டும் என்று விட்டுவிடுவான். சில நாள் போகும். சில நாள் திரும்பி வரும்.

ஒரு மாதம் கழித்து பெரியபாளையம் போனோம். வேனில் பாதி ஆட்கள், பாதி பாத்திரம், ரெண்டு உயிர்க் கோழி. அண்ணன் ஜன்னல் ஓரத்தில் ரெண்டு கையையும் முட்டியின் மேல் விரித்து வைத்துக்கொண்டு வந்தான். கையில் எதுவுமில்லை. மாமா, ராசிக்கு இருக்கட்டும் என்று நல்லி எலும்புப் பையை அவன் காலடியில் வைத்திருந்தார்.

மொட்டை அடிப்பவர் கத்தியைத் தண்ணியில் முக்கினார். "தாய்மாமன் குந்துப்பா."

அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முகம் சாம்பல். உதடு அசைந்தது: வா வா வா வா. அக்கா பாப்பாவைத் தூக்கி, யாரையும் பார்க்காமல், அவன் மடியில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டாள். அந்த எடுத்த கைதான் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அவன் கை ரெண்டும் காற்றில் நின்றன. மொட்டைக்காரர் அதட்டினார்: "புள்ளையப் புடிப்பா! ஆட்டினா கத்தி பட்டுடும்!" பிடித்தான். பாப்பா ஊரைக் கூட்டிக் கத்தினாள். முடி விழ விழ அவன் வேட்டியில் ஒன்றுக்கு அடித்தாள். மாமா உற்சாகமாகக் கத்தினார்: "செவுத்துக்குச் செவுரு!" காது குத்தும்போது பாப்பா கத்தினதைவிட அண்ணன் கத்தினது அதிகம்.

எல்லாம் முடிந்து சோறு போட்டார்கள். ஜனம் அத்தனையும் பந்திக்கு ஓடியது. நான் எழுந்து பார்த்தேன். வேப்பமரத்தடியில் அண்ணன் மட்டும் அதே இடத்தில், அதே சம்மணத்தில். மொட்டைத் தலையில் சந்தனம் காய, பாப்பா அவன் மடியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நெனப்பு வந்துச்சா?" என்று காதில் கேட்டேன்.

"வந்துச்சு. பக்கத்துல குந்திகினு கீது" என்றான். "குந்தட்டும். கால்தான் மரத்துப் போச்சுடா. ஒரு மணி நேரமா எவனும் வர்ல. என் நல்லி எலும்பை எவன் துன்றானோ."

"குடு, நான் வெச்சுக்கறேன். நீ போய்த் துன்னு" என்று கை நீட்டினேன்.

அண்ணன் என் தொடையை ஒரு பார்வை பார்த்தான். "வேணாம்" என்றான். "குத்திடும். நீ ஒரு இலை போட்டு இங்கயே எடுத்தா."